தலைவர் வயலுக்குத் தண்ணீர்

என் அப்பா கிருபாநிதி நுவரெலியாவில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். 1968இல், இரு நாட்டு ஒப்பந்தப்படி நீங்கள் இந்தியர் என்று சொல்லி எங்களைக் கப்பலேற்றினார்கள். தாத்தாவின் ஊர் நாசரேத் என்பதால் இந்தப் பக்கம் வந்து, ஏரலுக்கு அருகே ஒரு கிராமத்தில் அப்பா இரண்டு ஏக்கர் வாங்கினார். வெளியூர்க்காரருக்கு விற்கிற நிலம் வாய்க்காலின் கடைசியில்தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுபோல, கயிறு பிடித்து நாற்று நட்டார். ஊரே வரப்பில் நின்று சிரித்தது.

மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தண்ணீரால் தீராத சண்டை. எழுபதில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மேலத்தெரு வெள்ளத்துரை வீடு தேடி வந்தார்.

“சார்வாள், நீங்கதான் நிக்கணும்.”

“எனக்கு இங்கே யாரைத் தெரியும்?”

“அதாம் வேணும். மாமன் மச்சான்னு ஒரு பய கெடையாது ஒங்களுக்கு. யாரு பக்கம் சாய்வீய?”

கீழத்தெரு சொரிமுத்துவும் இதையே சொன்னார். அப்பா போட்டியின்றி ஜெயித்தார். தன் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று கடைசிவரை நம்பினார்.

தண்ணீர் முறை வைப்பதும் அவர் தலையில் விழுந்தது. ஒரு நாள் மேலத்தெரு, மறுநாள் கீழத்தெரு. மிஞ்சினால் தன் வயல். மிஞ்சியதில்லை.

எழுபத்து நான்கில் மழை பொய்த்தது. மடை திறக்கிற சுடலைமாடன் மனம் பொறுக்காமல் எங்கள் வயலுக்குக் கொஞ்சம் திருப்பிவிட்டார். அப்பாவே போய் அடைத்தார். பயிர் கருகியது. இரண்டு தெருக்காரர்களும் வந்து பார்த்தார்கள்.

“தலைவர் வயலே காயுதுல்லா. அப்ப நம்மள ஏமாத்தல,” என்றார் சொரிமுத்து, திருப்தியாக.

அப்பா இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். “ஊர் என்னை நம்புது, ஞானபாக்கியம்.”

“அதப் பொங்கி வைக்கவா?” என்றாள் அம்மா.

பதவி போன பிறகும் முறை மாறவில்லை. அவரும் கேட்கவில்லை.

எழுபத்தெட்டு மாசியில் மாரடைப்பில் இறந்தார். அந்த ஊரில் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. சொந்த வயலில் காலையில் குழி வெட்டினோம். மாலையில் பெட்டியைச் சுமந்து போனால் வயலெல்லாம் கணுக்கால் தண்ணீர். குழி நிறைந்திருந்தது.

“எங்க மடைய அடச்சி எல்லாத்தையும் தலைவருக்கு விட்டுட்டோம்,” என்றார் வெள்ளத்துரை, அழுதுகொண்டே.

“எங்க மடையும் அடச்சித்தான் கெடக்கு,” என்றார் சொரிமுத்து. அவரும் அழுதார்.

பெட்டியை வரப்பில் இறக்கினோம். துறைமுகத்தில் பம்புகளைப் பராமரிப்பது என் வேலை. டீசல் எஞ்சின் கொண்டுவரச் செய்து இறைத்தேன். இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்தது. பாதிரியார் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். வரத்து நிற்க வேண்டுமானால் ஏதாவது ஒரு தெருவின் மடையைத் திறக்க வேண்டும்.

“எங்க மடைய மொதல்ல தெறங்கலே,” என்றான் மேலத்தெருக்காரன் ஒருவன்.

“அதெப்படிலே? நேத்து யாரு முறை?” என்றான் கீழத்தெருக்காரன்.

பேச்சு தடித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் பெட்டியின் அருகில் உட்கார்ந்தேன்.