செல்வராசு விட்ட காலிக் கட்டம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்களும் டீ குடிக்கப் போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ரெட்டிபாளையத்தில் ஆலை வேலை போக மீதி நேரத்தில் நாங்கள் ஐந்து பேர் பேண்ட் செட் நடத்தினோம். நான் ட்ரம்பெட். என் தங்கை அமுதாவின் வீட்டுக்காரர் செல்வராசு கிளாரினெட். மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்கென்றே அவர் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டார். அவர் வாசிக்க வாசிக்க நான் லேப்டாப்பில் நோட்டேஷனாக ஏற்றினேன். முதல் கட்டத்தில், அதாவது ஒரு தாளச் சுற்று நீளத்துக்கு, ஒரு சுரமும் போடாமல் காலியாக விடச் சொன்னார். மூக்குப்பொடி போடுகிற மனிதர், இரண்டு தரம் செருமாமல் அவரால் ஊதத் தொடங்க முடியாது. "தாளத்த நீங்க ஆரம்பிச்சுக்குங்க மச்சான், நான் செருமிட்டு வந்து சேந்துக்கறேன்" என்பார். செருமலுக்கு இடம் ஒதுக்கிய ஒரே பாட்டு உலகத்தில் இதுதான் என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த மெட்டை ஒரு தடவைகூட நாங்கள் சேர்ந்து வாசிக்கவில்லை. அதற்குள் மாரடைப்பு வந்து மனிதர் போய்விட்டார். அமுதா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆளுதான் இல்ல. அவரு பாட்டாச்சும் பொண்ணு முன்னாடி போவட்டும்ணே."

பெண் அழைப்பு அன்றைக்குப் பகலில், கிளாரினெட் பகுதியை என் ட்ரம்பெட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். செரும ஆள் இல்லையே என்று காலிக் கட்டத்தை அழித்தேன். அது மாதாந்திர மின்தடை நாள் என்பதை, கல்யாண வேலையில் சுத்தமாக மறந்துவிட்டேன். என் லேப்டாப் பேட்டரி செத்துப் பல காலம், பிளக்கில் இருந்தால்தான் உயிர். கரண்ட் போனதும் அதுவும் அணைந்தது.

ஜெனரேட்டர் இருக்கும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு சிறுவாச்சூர் மண்டபத்துக்கு ஓடினேன். திறந்தால், கோப்பு பழுதாகிவிட்டது என்று வந்து நின்றது. வேறு பிரதி கிடையாது. அமுதா பின்னால் நின்று, "போயிடுச்சாண்ணே?" என்றாள். அந்த நேரம் பார்த்து சாஃப்ட்வேரே கேட்டது: அணையும் முன் தானாக எடுத்து வைத்த பிரதி இருக்கிறது, மீட்கட்டுமா?

மீட்டேன். முழு மெட்டும் வந்தது. அந்தப் பிரதி தற்காலிகமானது, மூடினால் போய்விடும், அதனால் முதல் வேலையாகப் புதுப் பெயர் கொடுத்துத் தனியாகச் சேமித்தேன். அப்புறம்தான் கவனித்தேன், முதல் கட்டம் காலியாக இருந்தது. நான் அழிப்பதற்கு முன் எடுத்த பிரதியாக இருக்கும் என்று மறுபடி அழித்தேன். சேமித்தேன், மூடித் திறந்து பார்த்தேன், காலிக் கட்டம் இல்லை. பென்டிரைவில் ஏற்றி, அதிலும் பார்த்தேன், இல்லை. பெரம்பலூருக்குப் போய் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். நம்பினால் நம்புங்கள், மண்டபத்தில் வந்து பிரித்தால் அத்தனை தாளிலும் முதல் கட்டம் காலி!

அமுதா ஒரு தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது, ஆனால் காலிக் கட்டம் தெரியும். "இருக்கட்டும்ணே, அது அவரு எடம்" என்றாள். எனக்கும் மறுபடி பெரம்பலூருக்கு ஓட நேரமில்லை.

சாயங்காலம் கோயிலிலிருந்து தேன்மொழி மாலையோடு புறப்பட்டாள். நாங்கள் நால்வரும் முன்னால். கிளாரினெட் நிற்கிற இடத்தை யாரும் சொல்லாமலே விட்டு நின்றிருந்தோம். டிரம் தொடங்கியது. காலிக் கட்டத்தில் என் இடது பக்கம் இரண்டு தரம் செருமல் கேட்டது. சொந்தக்காரர் யாரோ என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைக்காவிட்டால் ஊதியிருக்கவே முடியாது. கண்ணில் தண்ணீர் வழிய வழியத்தான் வாசித்தேன், ஆனால் பிசகவில்லை.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுவீட்டுக்கு வந்த தேன்மொழி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மாமா, அன்னைக்கு மூணாவது தரம் அப்பா எங்கிட்ட வந்து, காதோரமா செருமுனாரே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

எனக்கு இரண்டுதான் கேட்டது.