இரண்டு தடவை அமுக்குங்கள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒரு பெரிய திரை. எந்த வண்டி எங்கே ஓடுகிறது, எது சும்மா நிற்கிறது என்பதை நொடிக்கு நொடி காட்டும். அங்கே அதற்குப் பெயர் பலகை. அதற்கான மென்பொருளைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எழுதியவள் பலகைக்காரி.

பலகை எந்த ஃப்ரேம்வொர்க்கின், அதாவது ஆயத்த அடித்தள மென்பொருளின், மேல் நின்றதோ, அதைச் செய்தவர்கள் அந்தப் பழைய வெர்ஷனைக் கைவிட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. புதியதற்கு மாற்றிவிடலாம் என்று அவள் வருடா வருடம் எழுதிக் கொடுத்தாள். "ஓடுதுல்ல? ஓடுறதைத் தொடாதீங்க" என்று மேலாளர் வருடா வருடம் திருப்பி அனுப்பினார். மனிதன் கணக்குப் போட்டுச் செய்த ஒரு கருவிக்கு முன்னால் இப்படிப் பயபக்தியோடு நின்றார்கள், படித்தவர்கள்! கடைசியில் தணிக்கைக்கு வந்தவர்கள் சிவப்பு மையில் எழுதிய பிறகுதான் அனுமதி கிடைத்தது.

பழைய கோப்புகளைத் திறந்ததும் பலகைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, அன்றைய அவளேதான், உட்கார்ந்திருந்தாள். நிரலின் துண்டுகளுக்கு அவசரத்தில் வைத்த பெயர்கள் எல்லாம் பசி1, பசி2 என்று இருந்தன. ஒரு கோப்பில் பசி7 வரை போயிருந்தது. அப்போதெல்லாம் வயிறு மேசையில் இடிக்கும், கீபோர்டு எட்டாது. அழைப்பு எடுப்பவர்களில் மூத்தவளான ஹலோ அக்காதான் தன்னுடைய அகலமான நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவைத் தட்டினால்கூட "ஹலோ" என்றே திறப்பவள் அவள்.

"இந்தா, இதுல உக்காரு. உள்ள இருக்கிறதுக்கும் சேர்த்து இடம் வேணும்ல?"

"அப்ப நீங்க, அக்கா?"

"நான் நின்னுக்கிட்டே ஹலோ சொல்றேன். ஃபோன்ல காலா தெரியப்போகுது?"

மூன்று வாரத்தில் பலகையைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றினாள். ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிச் சோதித்தாள். முதல் நாள் ஒரே ஒரு மேசையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அந்த மேசை, வேறு யாருடையது, ஹலோ அக்காவினுடையதுதான்.

காலை பதினொரு மணிக்கு ஒரு முதியவர் மயங்கி விழுந்ததாக அழைப்பு வந்தது. ஹலோ அக்கா 'அனுப்பு' பொத்தானை அமுக்கினாள். ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டிகள் கிளம்பின. அந்தப் பக்கம் சும்மா நின்றவை அந்த இரண்டுதான். அடுத்து அழைத்தது சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார். உடைந்த காலோடு அவர் இருபது நிமிடம் தரையில் கிடந்தார்.

பிற்பகலில் மேலாளர் அறையில் விசாரணை. ஹலோ அக்காவோடு பலகைக்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள். அறிக்கை ஏற்கெனவே தயார்: மனிதத் தவறு. இந்த வார்த்தையின் விசித்திரம், அது எப்போதும் குறைந்த சம்பளம் வாங்கும் மனிதர் மேலேயே போய் விழும்.

"இத்தனை வருஷமா உக்காந்திருக்கீங்க. ஒரு பட்டனை ஒரு தடவை அமுக்கத் தெரியாதா? இனிமே வர வேண்டாம்."

"ரெண்டு தடவை அமுக்கணும் சார். அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"யாரு?"

ஹலோ அக்கா பலகைக்காரியின் பக்கம் திரும்பவே இல்லை. "ஞாபகம் இல்ல சார்."

பலகைக்காரிக்கு ஞாபகம் வந்துவிட்டது. தன் இடத்துக்கு ஓடிப் பழைய கோப்பில் தேடினாள். அவளே எழுதிய குறிப்பு இருந்தது: 'இணைப்பு அறுந்து ஒட்டும்போது முதல் செய்தி தொலைகிறது. இப்போதைக்கு இரண்டு தடவை அமுக்கச் சொல்லியிருக்கிறேன். குழந்தை பிறந்து வந்ததும் சரிசெய்ய வேண்டும்.'

பழைய வெர்ஷன், இரண்டு செய்தியும் வந்து சேர்ந்தால் ஒன்றைத் தானே தூக்கிப் போட்டுவிடும். புதியது எதையும் தொலைப்பதில்லை, எதையும் தூக்கிப் போடுவதும் இல்லை.

குழந்தை பிறந்து அவள் திரும்பி வந்தபோது அவளுடைய நிரந்தர வேலையில் வேறொருவர் இருந்தார். "நடுவுல கேப் விட்டுட்டீங்களே" என்று ஒப்பந்தத்தில் போட்டார்கள். பிள்ளை பெறுவதற்குப் பெயர் கேப்! அந்த வயிற்றெரிச்சலில் குறிப்பு மறந்தே போனது.

அந்தக் கோப்பை அவளைத் தவிர யாரும் படித்ததில்லை. மூன்று வரியை அழித்தால் முடிந்தது. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வேறு. அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேலாளரின் மேசையில் வைத்தாள்.

"மனிதத் தவறுதான் சார். அந்த மனுஷி நான். நாலு வருஷமா நான் குடுத்த கடிதமும் இதோ இருக்கு. நிதானமா மாத்த விட்டிருந்தா இவங்க பக்கத்துல உக்காந்தே சோதிச்சிருப்பேன். அதுல கையெழுத்துப் போடாத மனுஷன் யாருன்னும் சேர்த்து எழுதுங்க."

"உங்க கான்ட்ராக்ட்..."

"தெரியும் சார். அக்கா பேரை எடுத்துடுங்க."

ஹலோ அக்காவின் பெயர் அறிக்கையிலிருந்து போனது, வேலை தப்பியது. பலகைக்காரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேலாளரின் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் ஒவ்வொரு அழைப்புக்கும் தனி எண் கொடுத்தாள். ஒரே எண் இரண்டாவது முறை வந்தால் கணக்கில் சேராது. எல்லா மேசையும் புதியதற்கு மாறிய பிறகு குறிப்பின் மூன்று வரியையும் அழித்தாள். பசி1 முதல் பசி7 வரை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைத்தாள்.

"உள்ள இருந்தது இப்ப என்ன படிக்குது?" என்றாள் ஹலோ அக்கா.

"ஏழாவது. அக்கா, இனிமே ஒரு தடவை போதும்."

"சொல்றதைக் காது கேக்கும்டி, கை கேக்குமா?"

அழைப்பு வந்தது. ஹலோ அக்கா டக்டக் என்று இரண்டு தடவை அமுக்கினாள். பலகையில் ஒரே ஒரு வண்டி நகர்ந்தது.

"பாத்தியா? ரெண்டாவது தடவைக்குத்தான் கிளம்புது!"

பலகைக்காரி திருத்தப் போனாள். பிறகு அந்த அகலமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பலகையில் நகரும் அந்த ஒரு வண்டியைப் பார்த்தாள்.