சங்கத்துக்கு முதல் பால்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு எண்: 2.8. பால் சங்கத்தின் சிறிய அறையில், மேசை மேல் இருந்த பரிசோதனை எந்திரத்தின் முகப்பில் அது எரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு எண், 8.4. மேசைக்கு அந்தப் பக்கம் சங்கச் செயலாளர். இந்தப் பக்கம் என் அக்கா, கேனில் ஏழு லிட்டர் பாலோடு.

“கொழுப்பு மூணுக்குக் கீழ இறங்கிட்டு,” என்றார் செயலாளர். “இந்த மாசத்துல இது ரெண்டாவது தடவ. கொண்டு போயிரு தாயி.”

வரிசையில் நின்ற பெண்களுக்குப் பொழுது போயிற்று.

“ஏளா, வெண்ணெய எடுத்து எந்தப் பானையில ஒளிச்சு வச்சிருக்க?”

“அவ கடக்கரைக்காரில்லா. பால வலைய வச்சு வடிகட்டியிருப்பா. கொழுப்பெல்லாம் வலையில மாட்டிக்கிட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். கேனின் மூடி சரியாக உட்காரவில்லை. மூன்று முறை அழுத்தினாள்.

ஒரே மாதத்தில் மூன்று முறை பால் திரும்பினால் சங்கத்தில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்பதை வீடு திரும்பும் வழியில்தான் அக்கா சொன்னாள். எங்கள் ஊர் பெரியதாழை, மீன்பிடி ஊர். தினம் ஏழு லிட்டர் பால் வாங்க அங்கே வேறு ஆள் கிடையாது. மாதா கோயில் பக்கத்து டீக்கடை நான்கு லிட்டர் வாங்கும், அவ்வளவுதான். சங்கம் இல்லையென்றால் இரண்டு மாட்டில் ஒன்றை விற்றாக வேண்டும்.

பத்து வருடத்துக்கு மேல் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்றவள் அக்கா. முழங்கால் தேய்ந்து கூடை சுமக்க முடியாமல் போனபிறகு மாடு வாங்கினாள். அத்தான் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே மாட்டைப் பற்றிய முடிவுகள் எல்லாம் அவளுடையவை. சங்கம் இருந்தது வடக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பனங்காட்டு ஊரில். அங்கே வீட்டுக்கு வீடு மாடு உண்டு. கடற்கரையிலிருந்து பால் கொண்டுபோகிறவள் அக்கா ஒருத்திதான்.

நான் தூத்துக்குடியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்க்கிறேன். வீடு மில்லர்புரத்தில். நான்கு நாள் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன்.

“ஏலே, பாலு வெல கூடிட்டுன்னு உங்க பேப்பர்லதான போட்டிருந்தீங்க?” என்றாள் வீட்டுக்கு வந்ததும். “முதப் பக்கத்துல, கொட்ட எழுத்துல. அந்த வெலைய இன்னைக்கு வரைக்கும் நான் கண்ணால பாக்கல.”

“அது அறிவிச்ச கொள்முதல் விலைக்கா.”

“அறிவிச்சது யாருக்கு? எனக்கா, அந்த மெஷினுக்கா?”

அந்தச் செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: பாலில் உள்ள கொழுப்பு, இதர சத்து அளவுக்கு ஏற்ப விலை மாறும் என்று. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். அந்த வரியைத்தான் வெட்டினேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேல் தனியாகச் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு விலை அட்டவணை ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாகக் கொழுப்பின் அளவு, இடமிருந்து வலமாக இதர சத்தின் அளவு, இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விலை. நாங்கள் முதல் பக்கத்தில் போட்ட விலை அந்தக் கட்டங்களில் ஒன்றில் மட்டும் இருந்தது. விரலை வைத்துத் தேடித்தான் கண்டுபிடித்தேன். அங்கிருந்து ஒரு கட்டம் நகர்ந்தால் சில பைசா குறையும், இன்னொரு கட்டம் நகர்ந்தால் இன்னும் குறையும். அட்டவணை மூன்றில் தொடங்கியது. அதற்குக் கீழே விலையே இல்லை.

“நாங்க பால வாங்கல தம்பி,” என்றார் செயலாளர். “பால்ல உள்ள சரக்க வாங்குதோம். மிச்சமெல்லாம் தண்ணி. தண்ணிக்கு யாரு காசு தருவா?”

அக்காவுக்காக ஒரு நாள் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இந்த ஊர்ப் பால் எல்லாம் ஒன்றாகக் கலந்து குளிரூட்டும் நிலையத்துக்குப் போகிறது, அங்கே மறுபடி சோதிக்கிறார்கள், அங்கே வருகிற எண்ணுக்குத்தான் சங்கத்துக்குப் பணம் என்று விளக்கினார். ஒரு கேன் மெலிந்தால் மற்ற எல்லோருடைய விலையும் கொஞ்சம் சரியும். வரிசையில் நின்ற பெண்களின் கேலிக்குள் இருந்த உறுத்தல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்காவின் பாஸ்புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்த மாதத்தின் பதிவுகளை வரிசையாகப் படித்தேன். எந்திரத்தின் இரண்டாவது எண்ணான இதர சத்து ஒரு நாள்கூட 8.3-க்குக் கீழே போகவில்லை. கொழுப்பு மட்டும் மூன்றைத் தொட்டும் தொடாமலும் ஊசலாடியது.

“தண்ணி கலந்தா ரெண்டும்ல இறங்கணும்?” என்றேன்.

“இறங்கும். அதனாலதான் நான் தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லல. வெண்ணெ எடுத்தா கொழுப்பு மட்டும் இறங்கும். அதையும் நான் சொல்லல, பொம்பளைங்கதான் சொல்லுதாளுவ.”

“எங்கக்கா எடுக்கமாட்டா.”

“எடுக்கமாட்டாதான். பின்ன அது எங்கன போச்சு?”

அது எனக்குத் தெரிந்த வகையான கேள்வி. மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தொழுவத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அக்கா கன்றை அவிழ்த்துவிட்டு, மடியில் பால் இறங்கியதும் பிடித்துக் கட்டினாள். கேனை வைத்துக் கறந்தாள். அடுத்த மாட்டுக்கும் அப்படியே. கேனில் ஏழு லிட்டர் கோட்டை எட்டியதும் நிறுத்தி, கேனை ஓரமாக வைத்தாள். இரண்டு கன்றுகளையும் மறுபடி ஒரு நிமிடம் விட்டாள். பிறகு ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து மிச்சப் பாலை அதில் கறந்தாள். அது டீக்கடைக்கு. தூக்கில் நுரை கெட்டியாக நின்றது. நிறமும் லேசாக மஞ்சளடித்தது.

“ஏன்க்கா ரெண்டு பாத்திரம்?”

“சங்கத்துக்கு முதப் பாலு, கடைக்கு மிச்சப் பாலு.”

“ஏன் அப்படி?”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடற்கரையில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா என்பதுபோல. “கம்பெனி வியாபாரிக்கு மொதக் கூடையத்தான குடுப்போம்? சோதிச்சுப் பாத்து வாங்குதவன் அவன்தான. ஐஸ் படாத மீனு, கலங்காத மீனு அவனுக்கு. மிச்சம் உள்ளூருக்கு. சங்கமும் அப்படித்தான, சோதிச்சுல்லா வாங்குதாக. நான் ஒரு நாளும் அவங்களுக்குக் கடைசிப் பால ஊத்துனதில்லலே. மரியாதைக்குக் கூட.”

மாத்திரை வாங்கிய இரண்டு காலிக் குப்பிகளைக் கழுவி, ஒன்றில் கேன் பால், இன்னொன்றில் தூக்குப் பால் எடுத்துக்கொண்டேன். எதையும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. அக்கா பைக்கின் பின்னால் கேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்கு முன்னால் தொங்கியது, திரும்பி வரும்போது கடையில் கொடுக்க.

சங்கத்தில் வரிசை நீண்டிருந்தது. எங்கள் முறை வந்தபோது கேனைத் திறக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று குப்பிகளை நீட்டினேன். செயலாளர் முதல் குப்பியை வைத்தார். 2.7. கேனில் இருந்ததும் அதே பால். அக்கா கேனின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இரண்டாவது குப்பியை வைத்தார். 5.2.

“இது எந்த மாட்டுப் பாலு?”

“அதே மாடுதான் அண்ணாச்சி,” என்றாள் அக்கா. “கேன்ல உள்ளது முதப் பாலு, அது கடைசிப் பாலு.”

செயலாளர் எந்திரத்தை விட்டு எழுந்தே விட்டார். “ஏன் தாயி, கடைசிப் பால்லதான கொழுப்பே இருக்கும்! அத எங்கன ஊத்துன?”

“டீக்கடைக்கு.”

ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள், அறையே சிரித்தது. “மாடு வச்சிருக்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான இது?” என்று ஒரு குரல். “அவளுக்கு எப்படித் தெரியும்? மீனுக்கு மடி கிடையாதுல்லா,” என்று இன்னொன்று.

“ஒரு வருசமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒருத்தியாவது சொன்னீங்களாளா?” என்றாள் அக்கா.

“நீ ரெண்டு பாத்திரத்துல கறக்கத நாங்க கண்டமா?”

சத்தை அளந்து விலை கொடுக்கிறவருக்கு மெலிந்ததையும், லிட்டருக்கு ஒரே விலை கொடுக்கிறவருக்குக் கெட்டியானதையும் ஒரு வருடமாக, அதுவும் மரியாதை கருதி, கொடுத்து வந்திருக்கிறாள் அக்கா. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிடம் ஆனது. எனக்கு அதைவிடக் கூட ஆனது.

அவள் காதருகே குனிந்து, “தூக்குப் பால் முழுசையும் கேன்ல ஊத்துக்கா. பதினோரு லிட்டரையும் சங்கத்துக்கே குடுத்துரு. கடைக்கு ஒரு நாள் இல்லன்னா என்ன,” என்றேன்.

“டீக்கட அண்ணாச்சி அடுப்பப் பத்த வச்சிருப்பாருலே.”

தூக்கை வாங்கிக் கேனில் கவிழ்த்தாள். நன்றாகக் கலக்கினாள். செயலாளரின் அளவுக் குவளையைக் கேட்டு வாங்கி, நான்கு லிட்டரைத் திரும்பத் தூக்கில் எடுத்துக்கொண்டாள். பிறகு கேனை மேசைப் பக்கம் நகர்த்தினாள். செயலாளர் அதில் கொஞ்சம் எடுத்து எந்திரத்தில் வைத்தார். எல்லோரும் எந்திரத்தையே பார்த்தோம்.

3.6.

பாஸ்புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். பெயர் தப்பியது. வெளியே வந்து பைக்கில் ஏறும்போது அக்கா சொன்னாள்: “ஏலத்துல வாங்குதவன் மூஞ்சியப் பாத்தாத் தெரியும், இன்னும் ஏறுவானா மாட்டானான்னு. இந்த மெஷினோட மூஞ்சிய எப்படிலே பாக்க?”

பாஸ்புத்தகத்தைப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவளுக்கு எண்கள் படிக்க வரும். வீட்டுக்குப் போய் அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்றிலிருந்து நாலரை வரை, அவளுக்குத் தேவையான அளவுக்கு. தொழுவத்துத் தூணில் ஒட்டிவைத்தாள்.

டீக்கடைக்காரர் முதல் இரண்டு நாளும் வழக்கம்போல் பாலை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, நான் தூத்துக்குடிக்குக் கிளம்பும் முன், தூக்கோடு வந்த அக்காவை இறக்கப் பைக்கைக் கடை முன்னால் நிறுத்தியிருந்தேன். கரைக்கு வந்த ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏளா, பாலு இளகிட்டே. மாட்டுக்குத் தவிட்டக் கொறச்சிட்டியா?” என்றார் கடைக்காரர்.

ஏதாவது சொல்லி மழுப்புவாள் என்று நினைத்தேன். அக்கா நடந்ததை முழுவதும் சொன்னாள். இரண்டு பாத்திரம், இரண்டு குப்பி, 2.7, 5.2 உட்பட.

“அப்போ இம்புட்டு நாளும் நல்ல பாலு எனக்குத்தானா?”

“ஆமா அண்ணாச்சி.”

“வெல ஒண்ணுதான?”

“ஒண்ணுதான்.”

“அதான் என் டீக்கு ஆளு கூடுச்சு. நான் என் கையின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்,” என்று அவர் சிரித்தார். பெஞ்சில் இருந்த ஒருவர், “அண்ணாச்சி கையில தண்ணிதான் உண்டு,” என்றார்.

“பழைய பாலே வேணும்னா தாரேன்,” என்றாள் அக்கா. “சங்கத்து அட்டவணைப்படி வெல போடணும்.”

“டீயே பத்து ரூவாதான். இதுல எந்தக் கட்டத்தப் போய்ப் பாக்க?”

தூக்கை வாங்கி, பாலைத் தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மாதம் அக்காவின் பால் சங்கத்திலிருந்து மறுபடி திரும்பவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் டீக்கடைக்குப் பாக்கெட் பால் வருகிறது.