மெஷின் பச்சை

வீட்டுத் தரகர் சமையலறைக்குள் காலே வைக்கவில்லை. நிலைப்படியில் நின்றபடி எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அப்புறம் ஸ்டோர்கீப்பர் பக்கம் திரும்பி, "சார், இந்தப் பச்சையை வச்சுக்கிட்டு வீட்டை விக்க முடியாது. எந்தப் பொம்பளை இதுக்குள்ள நின்னு சமைப்பா?" என்றார்.

உள்ளே நின்று சமைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக அதற்குள் நின்று சமைத்த பொம்பளை ஒருத்தி கண்ணெதிரே இருப்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுத்து அவள் கணவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அதுக்கென்ன, அடிச்சிருவோம்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

அவ்வளவுதான். யோசிக்கவில்லை, தலையைச் சொறியவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இருபத்தாறு வருஷம் காத்திருந்தாள். அது கடைசியில் வந்தது, ஐந்து நிமிஷம் முன்னால் வாசல் மணியை அடித்த ஆளுக்கு. பெண்டாட்டி சொன்னால் காற்றோடு போகும், தரகர் சொன்னால் வேதவாக்கு.

அந்தப் பச்சை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அவள் கணவர் ஒரு மெஷின் தொழிற்சாலையில் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு திருகாணி வெளியே போனாலும் சீட்டு எழுதி ஒட்டுகிற கை அது. தெருவில் எல்லாருக்கும் அவர் ஸ்டோர்கீப்பர்தான், ஓய்வு பெற்ற பிறகும் அதே பேர். கடைசல் மெஷின்களின் உடம்புக்குப் பூசுகிற பெயின்ட் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மிஞ்சும், வேலையாட்கள் எடுத்துப் போகலாம். வீடு கட்டிக் குடிவந்த மாதமே அவர் இரண்டு டின் கொண்டுவந்து சமையலறை முழுக்கத் தானே அடித்துவிட்டார். அழுக்கு தெரியாதாம். துடைத்தால் போய்விடுமாம். இது என்னங்க, மெஷினுக்கு அடிக்கிற நிறமாச்சே என்று அவள் கேட்டதற்கு, தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது என்று பழமொழி சொன்னார். வேணும்னா மாத்திக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம் என்றும் சொன்னார்.

அந்த வீட்டில் சமையலறை வெறும் சமையலறை இல்லை. முன்னறை அவருக்கு: டிவி, செய்தித்தாள், வந்தால் போனால் உட்கார நாற்காலிகள். படுக்கையறையில் கட்டில் போக இடமில்லை. ஆகவே கல்யாணத்துக்கு அவள் சீராகக் கொண்டுவந்த, காலால் மிதிக்கிற தையல் மெஷின் சமையலறையில், ஒரு முழ அகல ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தது. பதினைந்து வயதில் சித்தியிடம் தையல் பழகியவள். பள்ளிச் சீருடை, கால்சட்டை மடிப்பு, அறுந்த ஜிப்பு, திரைச்சீலை, எல்லாம் அங்கேதான். வீட்டுக்குக் கூரை போட்டது பாதிக்கு மேல் அந்த மெஷின்தான். அதனால்தான் பத்திரத்தில் அவள் பேரும் இருந்தது.

பச்சைச் சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மிச்சத்தைத் துணி மேல் பச்சையாகத் துப்பும். வெள்ளைச் சட்டை பாசி படிந்த மாதிரி தெரியும். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசமே இருக்காது. இரண்டாவது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று டஜன் கறுப்புக் கால்சட்டை தைத்துக் கொடுத்தாள். மூன்று டஜனும் திரும்பி வந்தன. தையல் முழுக்கக் கருநீல நூலில் ஓடியிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். ஸ்டோர்கீப்பர் அதைப் பார்த்துவிட்டு, நூல் டப்பா மேல சீட்டு எழுதி ஒட்டியிருந்தா இந்தத் தொல்லை வந்திருக்குமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நூலுக்கும் அவள் பின்வாசலுக்குப் போவாள். படியில் நின்று, துணியையும் நூலையும் வானத்து வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வருவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை. மழை பெய்தால் தலையில் முந்தானை. பக்கத்து வீட்டம்மா, தையல்காரம்மா சூரியனுக்கு நூல் காட்டுறாங்க என்று கேலி செய்வாள். கண்ணாடியின் நம்பர் ஏறிக்கொண்டே போனது. கண் டாக்டர், எங்கே உட்கார்ந்து தைக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, முதலில் சுவரை மாற்றுங்கள் என்றார். அதையும் வந்து சொன்னாள். அடுத்த வருஷம் பாக்கலாம். அடுத்த வருஷம் வந்தது, கூடவே இன்னும் ஒரு டின் பச்சையும் வந்தது. இப்படிப் பச்சை மேல் பச்சையாக நான்கு பூச்சு.

ஒரே ஒரு தடவை, ஒரு திரைச்சீலைக்கு நூல் வாங்கப் போன கடையில், தனக்கு வேண்டிய நிறத்தை அவள் பார்த்தாள். எலுமிச்சைத் தோலின் உட்புறம் போல, மஞ்சள் என்று சொல்லவும் முடியாது, வெள்ளை என்று சொல்லவும் முடியாது. எந்தத் துணிக்கும் உதவாத அந்த நூல்கண்டை வாங்கிவந்து பொத்தான் டப்பாவில் போட்டுவைத்தாள். இந்த நிறத்தில் சுவர் இருந்தால் எப்படி இருக்கும் என்று சில சமயம் பின்வாசல் படிக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பாள்.

இப்போது ஸ்டோர்கீப்பரின் முழங்காலுக்கு மாடி வீடு ஒத்துவரவில்லை. மகளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். தரைத்தளத்தில் சின்ன வீடு ஒன்று பார்த்து முன்பணம் கொடுத்துச் சாவியும் வாங்கியாயிற்று. இதை விற்றால்தான் அது.

நிறம் தேர்ந்தெடுக்கிற கூட்டம் முன்னறையில் நடந்தது. தரகர், ஸ்டோர்கீப்பர், பெயின்டர் மூன்று பேரும் நிற அட்டையை நடுவில் விரித்து வைத்து, நாடு பிரிக்கிறவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தரகர் பாடம் நடத்தினார். முன்னறைக்கு வெண்ணெய் வெள்ளை, படுக்கையறைக்கு வெளிர் சாம்பல், சமையலறைக்கு இளமஞ்சள். வாங்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் வெளிச்சமாக இருக்க வேண்டும், நம் வீடு என்று மனசு சொல்ல வேண்டும். ஸ்டோர்கீப்பர் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். வெளிச்சம் என்ற சொல்லை அவர் முதல்முறையாகக் கேட்கிற மாதிரி இருந்தது.

பெயின்டர் மட்டும் டீ கொண்டுவந்தவளைப் பார்த்து, அம்மாவுக்கு எந்த நிறம் புடிக்கும் என்று கேட்டார்.

"அவளுக்கென்ன, நாம இங்க இருக்கப் போறதில்லையே" என்றார் ஸ்டோர்கீப்பர்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் தொழில் தெரிந்தவளால் சும்மா இருக்க முடியவில்லை. பச்சைக்கு மேலே நேராக மஞ்சள் அடித்தால் பித்தம் பிடித்த நிறம் வரும், முதலில் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு வெள்ளை இரண்டு கை அடிக்க வேண்டும் என்றாள். பெயின்டர் அவளை மரியாதையோடு பார்த்தார். தரகர் அதையே தன் யோசனை போல இன்னொரு தடவை சொன்னார்.

நான்கு நாளில் முடிந்தது. நான்கே நாள். வாசனை போன பிறகு அவள் மெஷினைப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் குத்திலேயே ஊசியில் நூல் நுழைந்தது. கறுப்பு கறுப்பாக இருந்தது, நீலம் நீலமாக இருந்தது, அவள் எழுந்து பின்வாசலுக்குப் போகவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். நான்கு நாள் வேலையை இருபத்தாறு வருஷம் மறுத்திருக்கிறார் மனுஷன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் சொல்வது இதைத்தான். அந்த நமஸ்காரமும் தனக்கில்லை, முகம் தெரியாத யாருக்கோ.

வாங்க வந்தவர்கள் இளம் தம்பதி. அந்தப் பெண் நேராகச் சமையலறைக்குப் போய் நடுவில் நின்றாள், வெளியே வரவே மனசில்லை. இந்த அறைக்காகவே வாங்கலாங்க என்று புருஷனிடம் சொன்னாள். தரகர், நான் சொல்லலையா சார் என்று ஸ்டோர்கீப்பரின் தோளைத் தட்டினார்.

ஒப்பந்தத்துக்கு முந்தின நாள் தையல்காரம்மா பரணில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் சாக்கு போட்டு மூடிய டின் ஒன்று கிடந்தது. மூடியைச் சுற்றிக் கயிறு, கயிற்றில் ஒரு சீட்டு. சீட்டில் அந்தக் குண்டு குண்டான ஸ்டோர்கீப்பர் எழுத்து: 'பச்சை. அரை டின். புது வீடு, சமையலறை.'

கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். இதென்னங்க என்றாள்.

"மிச்சம் இருக்குல்ல, வீணாக்கவா சொல்ற? அழுக்கும் தெரியாது" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "இங்க அடிச்சது விக்கிறதுக்காக அடிச்சது."

அவள் டின்னை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். நாற்காலி பக்கத்தில் அது அப்படியே இருந்தது.

மறுநாள் முன்னறையில் எல்லாரும் கூடினார்கள். தரகர் காகிதங்களை அடுக்கினார். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டார், அவர் மனைவி போட்டாள், ஸ்டோர்கீப்பர் போட்டார். தரகர் பேனாவைத் தையல்காரம்மாவிடம் நீட்டி, அவள் பேருக்குக் கீழே இருந்த கோட்டை விரலால் காட்டினார். அவள் பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, காகிதத்தின் மேல் வைத்தாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள்.

தரகர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. என்னம்மா சொல்றீங்க, வாங்குறவங்க காத்திருக்காங்க என்றார் அவர்.

"நான் ஒண்ணும் வேண்டாங்கலையே. அடுத்த வருஷம் பாக்கலாம்னுதானே சொல்றேன். இந்த வீட்டுல இருபத்தாறு வருஷமா இதுதான் பதில். சார்கிட்ட கேட்டுப் பாருங்க."

ஸ்டோர்கீப்பரின் காது சிவந்தது. என்ன இது, நாலு பேர் முன்னால என்று முணுமுணுத்தார். அவள் நாற்காலி பக்கத்து டின்னைப் பார்த்தாள். எல்லார் கண்ணும் அங்கே போனது. வாங்க வந்த பெண் குனிந்து, கயிற்றில் தொங்கிய சீட்டை வாய்விட்டே படித்தாள். படித்து முடித்ததும் நிமிர்ந்து ஸ்டோர்கீப்பரைப் பார்த்தாள். பிறகு தையல்காரம்மாவிடம், "நாங்க காத்திருக்கோம்மா, ஒண்ணும் அவசரமில்லை" என்றாள்.

ஸ்டோர்கீப்பர் சீட்டை உள்பக்கமாகத் திருப்பிவிட்டு, என்ன நிறம் வேணும் என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் உள்ளே போய்ப் பொத்தான் டப்பாவிலிருந்து நூல்கண்டை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பெயின்டர்கிட்ட குடுங்க. புது வீட்டுல அடிச்சுக் காயட்டும், நான் போய்ப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இது மஞ்சளா, வெள்ளையா என்று கேட்டார்.

"இங்க நின்னா தெரியாது" என்றாள் அவள். "பின்வாசல் படியில போய் நின்னு பாருங்க. நான் அங்கதான் பாத்தேன்."

அவர் நூல்கண்டோடு எழுந்து, நான்கு பேர் பார்க்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.