ஜெயக்கொடிக்கு வலிக்கவே வலிக்காதாம்

ஜெயக்கொடி மாதிரி ஒரு கிறுக்கச்சிய நான் பாத்ததில்ல. தாயில்பட்டியில ஒரே பட்டாசு கம்பெனியில, ஒரே ரூம்ல வேலை பாத்தோம். வெடிச்ச அன்னைக்கு நான் தண்ணி குடிக்க வெளிய போயிருந்தேன், அவ உள்ள இருந்தா. வலது கையி, முதுகு, பூராம் வெந்துபோச்சு. புண்ணு ஆறிருச்சு, எரிச்சல்தான் அடங்கல. சேலை பட்டாலே துடிப்பா. ராத்திரியெல்லாம் துணியக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பான்னு பக்கத்து வீட்டுல இருக்க எனக்குத்தான் தெரியும்.

போன வருசம் அவுக சபையில பாஸ்டர் தலையில கை வச்சு செபம் பண்ணி, "வலி போயிருச்சா?"ன்னு மைக்க நீட்டுனாரு. அம்புட்டுப் பேரும் பாக்காக. "போயிருச்சு"ன்னுட்டா. பாவி மக! அன்னையிலருந்து சபைக்கே அவதான் சாட்சி. முனங்கக்கூட முடியாமப் போச்சு.

இந்த லட்சணத்துல, விருதுநகர்ல ஒரு ஆசுபத்திரியில நரம்புல ஊசி போடுறாக, எரிச்சல் அமந்துரும்னு கேள்விப்பட்டு மல்லுக்கட்டிக் கூட்டிப் போனேன். வலிய எப்படிச் சமாளிக்கீகன்னு கேட்டு மார்க் போடுவாக. மார்க் கொறஞ்சவுகளுக்கு, சமாளிக்க முடியாதவுகளுக்குத்தான் ஊசி. கேள்வி கேக்க வந்தது யாருங்கீக? நர்சு வினோலியா. அதே சபைப் புள்ள!

"வலி வந்தா என்னக்கா செய்வீக?"

"செபம் பண்ணுவேன்."

"வீட்டு வேலை?"

"கர்த்தர் கிருபையில எல்லாம் பாக்கேன்."

"எப்பவாச்சும் அழுவீகளா?"

"எதுக்குத் தாயி அழணும்?"

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? நெசத்தச் சொல்லித் தொலை"ன்னு கத்துனேன். "கூட வந்தவுக பேசக் கூடாதுக்கா, வலி அவுகளுக்குத்தான?"ன்னு வினோலியா என்னய வெளிய அனுப்பிட்டா.

வந்த எல்லாரையும் விட ஜெயக்கொடிக்குத்தான் மார்க் கூட. ஊசி கெடையாது. டாக்டருக்கு ஒரே சந்தோசம். "இந்தம்மாவப் பாத்துக் கத்துக்கங்க"ன்னு, ஊசிக்குக் காத்துக் கெடந்தவுக முன்னால நாற்காலி போட்டு உக்கார வச்சுட்டாரு. அவளும் சிரிச்ச மொகமா, எப்படிப் பொறுத்துக்கிடணும்னு அவுகளுக்குச் சொல்லிக் குடுத்தா. ஒவ்வொருத்தரா உள்ள போயி, ஊசி போட்டு, எரிச்சல் அமந்து வந்தாக. "ஒங்களுக்கு வேண்டாமாக்கா?"ன்னு ஒருத்தி கேட்டா. "எனக்கெதுக்கு?"ங்கா இவ.

பஸ்ல ஏறி ஒக்காந்ததும் என் கையப் பிடிச்சா. "ராக்காயி, என்னய எப்படியாச்சும் கொன்னு போட்டுருட்டி"ன்னா. நான் வஞ்சேன், அழுதேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அடுத்த வாரமும் வந்து பேசணும்னு டாக்டர் கேட்டிருக்காரு. வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கா.