கஞ்சி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை

எங்கள் குடும்பத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ஊசி போடாத டாக்டர்'. பொதுச் சுகாதார நிர்வாகத்துக்குப் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. என் ஸ்டெதஸ்கோப் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. இப்போது என் வேலை கூட்டம், அறிக்கை, திருத்திய அறிக்கை. கல்யாண வீட்டில் யாராவது முழங்கால் வலி என்று என்னிடம் வந்தால் போதும், என் அக்கா, நாங்கள் சொல்லும் முறையில் லாத்தா, குறுக்கே புகுந்துவிடுவாள். "அவகிட்ட ஏன் கேக்குறீங்க? அவ நாட்டுக்குத்தான் வைத்தியம் பாப்பா, ஆளுக்குப் பாக்க மாட்டா." எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் வாயெடுப்பதற்குள் அவள் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்திருப்பாள்.

லாத்தாவுக்குத் தேக்கா கடைவீதியில் சேலைக்கடை, செங்காங் பேட்டையில் அடுக்குமாடி வீடு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள். போன வருஷம் நோன்பு மாதத்தில் ஒரு பிற்பகல், கடையில் அவளுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் பெண் சோதனைக் கருவியை எடுத்துவந்து விரலை நீட்டச் சொல்லியிருக்கிறாள். "ரத்தம் வந்தா நோன்பு முறிஞ்சிடும் லா, தள்ளிப் போ" என்று லாத்தா விரட்டியிருக்கிறாள். சற்று நேரத்தில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே நினைவு தப்பிச் சாய்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அவள் வீடு திரும்பியதும், அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் ஆத்திரத்தோடு அங்கே போனேன். சமையலறையில் குளிர்பதனப் பெட்டிக் கதவில், காந்தவில்லைக்கு அடியில், ஒரு துண்டறிக்கை. 'நோன்பு மாதத்தில் சர்க்கரை அளவை அடிக்கடி சோதியுங்கள்.' நான் எழுதியது. நான்கு மொழிகளில், வழவழப்பான தாளில், பேரீச்சம்பழப் படம் போட்டு அச்சடித்தோம். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அன்று லாத்தாவைத் திட்டவில்லை. அவள் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பினேன்.

அடுத்த வாரமே மேலதிகாரியிடம் போனேன். "சமய விஷயத்தில் நாம் வாய் திறக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. "நாம் திறக்க வேண்டாம். திறக்க வேண்டியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்போம்" என்றேன். மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் ஒரே மேசையில் உட்காரவே மாதக்கணக்கில் ஆனது. முதல் கூட்டத்தில் வயதான இமாம் ஒருவர் என்னைப் பார்த்து, "சோதனை பண்ணினா நோன்பு முறியாதும்மா. உயிருக்கு ஆபத்துன்னா நோன்பை விட்டுடணும். இதை நாங்க எப்பவும் சொல்லத் தயார். இதுவரைக்கும் ஒரு டாக்டரும் வந்து கேக்கலையே" என்றார். அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ள வேண்டியவள் நான்தான்.

என் அறிக்கை எத்தனையோ முறை திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். கடைசியில் ஒப்புதல் கிடைத்தது. வெள்ளிக்கிழமை உரையில் இமாம் இதைச் சொல்வார். நோன்புக் கஞ்சி வாங்க வரும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதில் ஒரு தாதி, சோதனைக் கருவி. முதலில் தேக்கா பக்கத்துப் பள்ளிவாசலில் பார்ப்போம், ஆள் வந்தால் மற்றப் பள்ளிவாசல்களுக்கும் கொண்டுபோகலாம், வராவிட்டால் கோப்பை மூடிவிட வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் அந்த நாளும் வந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கஞ்சி அண்டாவைத் திறந்தார்கள். தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் டப்பாவுமாக வரிசை வாசல் தாண்டி நின்றது. மேசைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. உட்கார்ந்தால் சர்க்கரை நோய் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அளவு குறைந்திருந்தால் நோன்பாளிகள் பார்க்கப் பார்க்க, பட்டப்பகலில், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வெட்கத்துக்கு என் அறிக்கையில் மருந்து இல்லை. பார்வையிட வந்திருந்த மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது லாத்தா வரிசையிலிருந்து விலகி வந்தாள். தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தாள். உட்கார்ந்தாள். விரலை நீட்டினாள்.

தாதி எண்ணைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "மூணு புள்ளி நாலு. நாலுக்குக் கீழ போனா நோன்பை விட்டுடணும்மா." வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வருஷம் தவறாமல் முப்பது நோன்பும் பிடித்து, அதில் பெருமை அடித்துக்கொள்கிறவள் என் லாத்தா. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனால் அவளும் போவாள், என் திட்டமும் போகும்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிஸ்மில்லா சொல்லி, தாதி நீட்டிய இனிப்புப் பானத்தை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு வரிசையைப் பார்த்து, கடையில் விலை சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "இந்த ஒரு நோன்பைப் பெருநாளுக்கு அப்புறம் பிடிச்சுக்கிறேன். அதுக்கு நான் உசுரோட இருக்கணும்ல? அடுத்து யாரு?"

வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு தாயும் மகளுமாக இரண்டு பேர்.

நான் வாங்கிய பட்டமும் பதவியும் ஒரு பக்கம் கிடக்கட்டும். அன்று எனக்கு வந்த பெருமை நெஞ்சில் அடங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. மேலதிகாரி பக்கத்தில் நிற்பதையும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்றாள் லாத்தா. "ஆளு வர்றாங்க, தெரியல? போய் நாற்காலி எடுத்துட்டு வா."

போய் எடுத்துவந்தேன். ஒன்று போதவில்லை. அன்று மாலைக்குள் ஆறு நாற்காலி போட்டேன்.