வெட்டுப்பட்ட நான்கு வரிகள்

பத்திரிகையில் செய்தி நீண்டுவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். பக்கம் கட்டுகிறவருக்கு யோசிக்க நேரம் கிடையாது. கடைசி பாரா போனால் செய்தி செத்துவிடாது என்பது தொழிலின் நம்பிக்கை. அதனால் வெட்டுப்படக் கூடாததை மேலேயே வைத்துவிடுவது என் வழக்கம். ஒரு செய்தியில் மட்டும் அப்படிச் செய்யவில்லை.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியை, ஆவாரம்பூவில் உள்ள வேதிப்பொருள்களைக் கணினியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்து வேலை செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் உடம்பில் ஏதாவது ஒரு புரதத்தில் போய் ஒட்ட வேண்டும். எந்தப் புரதம் என்பதே அவருடைய தேடல். ஒரு புரதத்தைத் திரையில் சுழற்றிக் காட்டினார். நாம் தின்னும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அது; அதைத் தடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறையும். அதன் ஓரத்தில் ஒரு குழி. பூவின் மூலக்கூறு அந்தக் குழிக்குள் பல விதமாகத் திரும்பித் திரும்பி உட்கார்ந்து பார்த்தது. ஒவ்வொரு தடவையும் மென்பொருள் மதிப்பெண் போட்டது.

“மார்க் நல்லா வந்திருக்கு சார். ஆனா இது கம்ப்யூட்டர் சொல்ற யூகம்தான். சோதனைக் குழாயில கூட இன்னும் போட்டுப் பாக்கல. இதப் படிச்சிட்டு யாராவது சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டா பாவம் என்னைத்தான் சேரும். மறக்காம எழுதிடுங்க” என்றார்.

எழுதினேன். கடைசி பாராவில், நான்கு வரி. அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை மேலே நகர்த்தினேன். செய்தி நமத்துப்போன மாதிரி இருந்தது. திரும்பவும் கீழே இறக்கினேன்.

மறுநாள் ‘சர்க்கரையை விரட்டும் ஆவாரம்பூ’ என்ற தலைப்போடு மாவட்டப் பக்கத்தின் உச்சியில் வந்தது. கீழே நகைக்கடை விளம்பரம். நான்கு வரியும் இல்லை.

பேராசிரியை போன் செய்தார். “கடைசி பாரா எங்க சார்?”

“இடம் பத்தல மேடம்.”

அவர் கோபப்படவில்லை. போனை வைத்துவிட்டார். ஒரு திருத்தம் போடும்படி அலுவலகத்தில் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த போன் கடப்பாக்கத்திலிருந்து, என் தங்கையின் கணவர். மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு மீன் வண்டி ஓட்டுகிறவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “மச்சான், டீக்கடைல உன் நியூஸ வெட்டி ஒட்டிட்டாங்க. இனிமே இன்னாத்துக்கு மாத்திர? ரோட்டோரம் பூவா பூத்துக் கீது!” என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மீன் ஏலம் நடக்கும் மணலில் வலது காலில் முள் ஏறியிருக்கிறது. புண் ஆறவில்லை. மாத்திரையை நிறுத்திப் பூக் கஷாயம் குடித்துவந்த உடம்பு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால்.

“இதான் எங்க மச்சான், பேப்பர்காரரு” என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

“பூ நியூஸு போட்டவரா? நல்லா போட்டாரு போ” என்றார் அவர். தங்கை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“கடைசில நாலு வரி இருந்துச்சு மாப்ள. மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு. அத வெட்டிட்டாங்க” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. வெட்டிட்டாங்க. “வெட்டுவாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் கீழ வச்சேன்.”

மாப்பிள்ளை கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

“அத்த இப்ப எழுது. டீக்கடைல ஒட்னது அப்படியே கீது. இன்னும் எத்தினி பேரு குடிச்சிகினு கீறானுங்க தெரியுமா? பெருசா எழுது. நீயே போய் ஒட்டு.” பிறகு, “மேல ஒட்டு மச்சான்” என்றார்.

தங்கை தன் பையிலிருந்து பேனாவை எடுத்துப் படுக்கையின் மேல் வைத்தாள். என் கையில் கொடுக்கவில்லை.

அன்று மாலையே கடப்பாக்கம் போனேன். டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே என் செய்தி மஞ்சளித்துப்போய் இருந்தது. பக்கத்தில் ‘ஆவாரம்பூ டீ கிடைக்கும்’ என்று ஒரு புதுப் பலகை. தலைப்பை மறைத்து, அந்த நான்கு வரியையும் பெரிதாக எழுதிய என் தாளை ஒட்டினேன்.

“இன்னா சார், யாவாரத்துல மண்ணப் போடுற?” என்றார் கடைக்காரர்.

பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் டம்ளரோடு எழுந்து வந்தார். என் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அடியில் தெரிந்த அச்சையும், இரண்டிலும் இருந்த என் பெயரையும் படித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதுவும் நீதான் எழுதினியா, அதுவும் நீதானா?”

“ரெண்டும் நான்தான்” என்றேன்.